கேள்வி சுமந்தவன்

கோச்சிங் சென்டரில் அவனை எல்லோரும் டேப் அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். டேப் ரெக்கார்டர் என்ற சாமானை நேரில் பார்த்தே இராத பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரை வைத்த தலைமுறை தேர்வு எழுதி, வேலைக்குப் போய், வீடு கட்டிக் குடியேறியும் விட்டது. பெயரும் பெயருக்கு உரியவனும் மட்டும் அதே மாடியில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயம் இதுதான். ரயில்வே தேர்வைக் கொள்ளை கொள்ளையாக ஆட்கள் எழுதுவதால் ஒரே நாளில் முடிக்க முடியாது. காலையில் ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட், மாலையில் ஒரு ஷிப்ட் என்று நாள் கணக்கில் கம்ப்யூட்டரில் நடக்கும். ஒவ்வொரு ஷிப்டுக்கும் கேள்விகள் வேறு. ஆனால் ஜாடை ஒன்றுதான். அண்ணன் முகத்தைப் பார்த்தவன் தம்பியைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவான் அல்லவா, அந்த மாதிரி. அதனால் காலையில் எழுதியவன் வெளியே வந்து என்ன கேள்வி வந்தது என்று சொன்னால் மதியம் எழுதப்போகிறவனுக்கு அது அமிர்தம். எழுதிக்கொண்டு வரலாம் என்றால் நடக்காது. பெல்ட்டையே கழற்றி வைக்கச் சொல்கிற இடம் அது. கணக்குப் போட்டுப் பார்க்கக் கொடுத்த தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டுதான் ஆளை வெளியே விடுவார்கள். மண்டையில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும்.

இதற்கென்று எல்லா சென்டர்களும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தன. உனக்கு முதல் பத்து கேள்வி, உனக்கு அடுத்த பத்து என்று மாணவர்களுக்குப் பங்கு பிரித்து அனுப்புவார்கள். போனவர்கள் ஆளுக்கு மூன்றோ நாலோ கேள்வியோடு திரும்புவார்கள், அதுவும் அரைகுறையாக. பாலத்தைக் கடக்கப் புறப்பட்ட ரயில் இருக்கும், பாலத்தைக் காணாது. உறவுமுறைக் கேள்வியில் மாமனார் மருமகனுக்குத் தம்பியாகியிருப்பார். டேப் அண்ணன் கதை அப்படியல்ல. நூறு கேள்வியில் எழுபது, எண்பது கேள்விகளை, ஒவ்வொன்றுக்கும் உரிய நான்கு விடைகளோடு, வந்த வரிசை மாறாமல் இறக்குவான். தேர்வு மையத்து வாசலில் சென்டரின் வேன் நிற்கும். ஏறி உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு ஆரம்பித்தான் என்றால் நிற்காது. அவன் சொல்லச் சொல்ல சென்டர் சார் மடிக்கணினியில் தட்டுவார். கொஞ்ச நேரத்தில் அது எல்லாப் பிள்ளைகளின் போனுக்கும் போய்விடும்.

சென்டர் சார்தான் அந்த இடத்துக்கு முதலாளி. அவரும் ஒரு காலத்தில் இதே தேர்வை எழுதி எழுதி ஓய்ந்தவர். நல்ல மனுஷன். கட்டணம் கட்ட முடியாத பிள்ளைகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்கச் சொல்லிவிட்டு, கவனிக்காத மாதிரி இருப்பார். டேப் அண்ணன் முதன்முதலாக எழுதிய வருஷம், தேர்வு முடிந்து டீக்கடையில் கூட்டாளியிடம் கேள்விகளை வரிசையாக ஒப்பித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்றவர் இவர்தான். கையிலிருந்த டீயைக் குடிக்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தாராம். மறுநாளே கட்டணம் வேண்டாம் என்றார். பிறகு ஒரு நாற்காலி போட்டார். பிறகு ஏதோ ஒரு சம்பளம் என்று ஆயிற்று.

அந்த வேனில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அவனுக்கு ராஜ வாழ்க்கை. ஜன்னல் வழியாகப் பத்துத் தலைகள் எட்டிப் பார்க்கும். 'அண்ணா, சயின்ஸ் எப்படி?' 'அண்ணா, குழாய் கணக்கு வந்துச்சா?' அவன் பதில் சொல்வதற்காக ஊரே காத்திருப்பதுபோல இருக்கும். வேறு எந்த இடத்தில் அவனுக்காக யார் காத்திருந்தார்கள்? ஆனால் ரிசல்ட் வரும்போது மட்டும் அவன் கேள்விகளைப் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் தேறியிருப்பார்கள். அவன் ஒரு மார்க், இரண்டு மார்க்கில் நின்றுவிடுவான். கடைசிக் கேள்விகளுக்கு நேரம் பத்தவில்லை என்பான். அதிர்ஷ்டம் இல்லை என்பான். எத்தனையோ ரயில்களைப் பாலம் கடக்க வைத்தவன், தான் மட்டும் இந்தப் பக்கமே நின்றான்.

அவன் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் அதே சென்டரில் படித்தவள்தான். ஒரே ஒரு தடவை எழுதினாள், தேறவில்லை, நமக்கும் இதற்கும் ஒத்துவராது என்று புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டு மருந்துக்கடையில் பில் போடப் போய்விட்டாள். சென்டரிலிருந்து அவள் எடுத்துக்கொண்டு போன ஒரே உருப்படி இவன்தான். எல்லோரையும் போல அவளும் ஆரம்பத்தில் அண்ணா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதை இப்போது யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தக் கூடாது. அவள் அப்பாவோ, மாப்பிள்ளை என்ன பண்ணுகிறார் என்று யாராவது கேட்டால், பரீட்சை எழுதுகிறார் என்று சொல்லிவிட்டு, கேட்டவர் முகத்தில் சிரிப்பு வருவதற்குள் மழை வெயில் என்று பேச்சை மாற்றிவிடுவார்.

இந்த வருஷத்தோடு அவனுக்கு வயது வரம்பு முடிந்தது. இந்தத் தடவை தேறினால் உண்டு. இல்லையென்றால் ரயில்வேக்கும் அவனுக்கும் உள்ள சம்பந்தம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறுவதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்தவள் கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு இவனையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, சத்தம் காட்டாமல் வீடியோ எடுத்தாள். தேர்வு முடிந்ததும் ஏன் ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடுகிறீர்கள் என்று கேட்டாள். அவன் தான் மூடவே இல்லை என்று அடித்துச் சொன்னான். போனை அவன் முன்னால் நீட்டினாள்.

படத்தில் இருந்தவன் கேள்வியைப் படித்தான். தலையை லேசாகத் தூக்கிக் கண்ணை மூடினான். உதடு அசைந்தது. கண்ணைத் திறந்து விடைகளைப் பார்த்தான். மறுபடியும் மூடினான். அதற்குப் பிறகுதான் கணக்குக்கே போனான். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படி, கோழி தண்ணீர் குடிப்பதுபோல.

"நீங்க பதில் எழுதல. பத்திரப்படுத்துறீங்க. நேரம் பத்தல நேரம் பத்தலன்னு சொல்றீங்களே, நேரம் இங்கதான் போகுது."

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. இத்தனை வருஷமும் உள்ளே போய் உட்கார்ந்தது தேர்வு எழுதுகிறவன் இல்லை, கேள்வி சுமக்க வந்தவன் என்று அவனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை.

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. அதைப் பயிற்சி என்று சொல்வதா, சித்திரவதை என்று சொல்வதா என்று தெரியவில்லை. அவள் கடையிலிருந்து வந்ததும் மேசைக்கு எதிரே உட்காருவாள். அவன் கண்ணை மூடினால் மேசைக்கு அடியில் அவன் கால் கட்டைவிரலில் ஒரு மிதி. முதல் வாரம் அவன் நொண்டிக்கொண்டேதான் சென்டருக்குப் போனான். படியில் வழுக்கிவிட்டேன் என்று பிள்ளைகளிடம் புளுகினான். இன்னொரு சட்டமும் இருந்தது. எழுதிப் பார்த்த கேள்வி எதையாவது சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்குப் பாத்திரம் அவன் பொறுப்பு. அந்த வீட்டுப் பாத்திரங்கள் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு பளபளப்பாக இருந்ததில்லை.

மறப்பதற்குப் பாடுபடுகிற மனுஷனை அவள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு பாட்டை மறக்க நினைத்தால் அதுவே வாயில் வந்து நிற்குமே, அப்படித்தான் நின்றன கேள்விகள். சில நாட்கள் எரிச்சலில் எழுந்து போய்விடுவான். உனக்கென்ன, ஒரு தடவை எழுதிவிட்டு ஓடிவிட்டாய் என்று கத்துவான். அவள் வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணம் சொல்லத் தோதாக இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் மூடுவது குறைந்தது. ஆனாலும் முழுசாக நிற்கவில்லை.

தேர்வு நாள் வந்தது. அவனுக்குக் காலை ஷிப்ட். சென்டர் சார் வேனோடு முன்னாடியே வந்திருந்தார். அவன் தோளைத் தட்டி, இந்தத் தடவை அறுபது கேள்வி கொண்டுவந்தால்கூடப் போதும் என்றார். கடைசித் தடவையாயிற்றே, கேட்காமல் விட்டுவிடுவார் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். சாப்பாடு போட்ட மனுஷனிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை. சரி சார் என்றான். வேனுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். மதிய ஷிப்ட். "அண்ணா, உங்களைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள். அவளுக்கும் தலையாட்டினான்.

கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்திருந்த மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கேட் வரைக்கும் வந்தாள்.

"சார்கிட்ட சொன்னது சொன்னதா இருக்கட்டும். ஊர்ல எல்லாரும் புருஷனை எதையும் மறக்காம வாங்கிட்டு வான்னுதான் அனுப்புவாங்க. நான் எல்லாத்தையும் மறந்துட்டு வாங்கன்னு அனுப்புறேன். போயிட்டு வாங்க."

உள்ளே மோதிரத்தைக் கழற்றி, கைரேகை வைத்து, அவனுக்கு ஒதுக்கிய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மவுஸ் பிசுபிசுவென்று இருந்தது. முதல் கேள்வி வந்ததும் கண் தன்னால் மூடிக்கொண்டது. கட்டைவிரல் சுருங்கியது. திறந்தான். இரண்டாவது கேள்விக்கு, வேண்டுமென்றே மூடினான். கண்ணாடி போட்ட பெண்ணுக்காக இந்தப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு போவோம், ஒரு பத்து, அதற்கப்புறம் நமக்காக எழுதுவோம் என்று தனக்குத்தானே பேரம் பேசினான். பத்து பதினைந்தாயிற்று. கடிகாரத்தைப் பார்த்தான், வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தான். வழக்கமான இடத்தில்தான் போய் நிற்கப்போகிறான் என்று தெரிந்தது.

அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. ஒரு வட்ட மேசையைச் சுற்றி ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் மேசையைப் பார்க்கிறார்கள், சிலர் வெளியே பார்க்கிறார்கள். யாருக்கு வலப்பக்கம் யார் என்று சொல்ல வேண்டும். இந்த ஜாதிக் கேள்வி அவனுக்குப் பழக்கம்தான், ஆனால் இந்த முடிச்சு புதுசு. தாளில் வட்டம் போட்டான். ஒருவனை உட்கார வைத்தால் இன்னொருவனுக்கு இடமில்லை. மாற்றி உட்கார வைத்தான். திடீரென்று எல்லோரும் அவரவர் நாற்காலியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டார்கள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடையை அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனான், அதற்கடுத்ததற்கும் போனான். வெகு நேரம் கழித்து நிமிர்ந்தபோது, முன்னால் வந்த கேள்விகள் என்னென்ன என்று யோசித்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. சட்டைப்பையைத் தடவிப் பார்த்துப் பர்ஸைக் காணாதவன்போல ஒரு கணம் திகீரென்றது. அடுத்த கணம் மவுஸை நகர்த்தினான்.

நூறாவது கேள்விவரை போனான். கடைசிக் கேள்விகளை எப்போதும் வேறு யாராவதுதான் கொண்டுவருவார்கள். அவன் திரையில் அவற்றைப் பார்த்ததே கிடையாது. அவற்றுக்கும் பதில் போட்டுவிட்டு, நேரம் மிச்சமிருக்க, சந்தேகமான இரண்டைத் திரும்பிப் போய்ப் பார்த்தான்.

வெளியே வேனைச் சுற்றிக் கூட்டம். வழிவிட்டார்கள். தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். சார் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் வாயைத் திறந்தான். இரண்டு கேள்வி சொன்னான். மூன்றாவது என்று ஒன்றைச் சொன்னான். அது போன தேர்வில் வந்தது என்று ஒரு பையன் திருத்தினான். அதற்கு மேல் வரவில்லை. யோசித்துப் பார்த்தான், நிஜமாகவே யோசித்தான். வட்ட மேசை மட்டும் நின்றது, அதிலும் ஆட்கள் எழுந்து போய்விட்டிருந்தார்கள்.

யாரும் நம்பவில்லை. டேப் அண்ணனுக்கு மறந்துவிட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்? வேறு சென்டருக்கு விற்றுவிட்டான் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. இன்னொருவன் சத்தமாகவே சிரித்தான். கண்ணாடி போட்ட பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய் மதிய வரிசையில் நின்றாள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. சார் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தான். அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, வீட்டுக்குப் போய் ஓய்வெடு என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் கழித்து அவன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் என்று சார் ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார்.

கூரியர் கிடங்கில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரித்துப்போடும் வேலை கிடைத்தது. அங்கே அவனை யாரும் டேப் என்று கூப்பிடவில்லை. ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை, விசிலடித்தார்கள். ரிசல்ட் வந்த அன்றும் அங்கேதான் இருந்தான். மருந்துக்கடையிலிருந்து அவள் போன் செய்தாள். அவனுடைய எண்ணை ஒரு தடவை படித்தாள், பிறகு மறுபடியும் மெதுவாகப் படித்தாள். அதற்கு மேல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. பின்னால் யாரோ ஒரு வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவன் பார்சல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவன் அப்பா ஞாபகத்துக்கு வந்தார். ஒவ்வொரு ரிசல்டுக்கும் எந்த ஊர் சாலையில் இருந்தாலும் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போன் செய்கிறவர் அவர். அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

சான்றிதழ் பார்த்தார்கள், உடம்பைப் பார்த்தார்கள், வேலை உத்தரவும் வந்துவிட்டது. சரக்கு பதிவு செய்யும் கிளார்க் வேலை. மாமனார் இப்போது யாரும் கேட்காமலே மாப்பிள்ளை வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஒரு நாள் சாயங்காலம் சென்டர் சார் வீட்டுக்கே வந்தார். கையில் ஸ்வீட் பெட்டி. கொஞ்சம் மெலிந்திருந்தார். உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள். பழைய வருத்தம் இரண்டு பக்கமும் இருந்தாலும் அவனுக்கு அவரைப் பார்த்ததில் சந்தோஷம்தான். கண்ணாடி போட்ட பெண்ணைப் பற்றித்தான் முதலில் விசாரித்தான். அவள் சொந்தமாகவே எழுதித் தேறிவிட்டாள் என்றார். அவனுக்கு மனசு லேசாயிற்று. பிறகு சார் வந்த விஷயத்துக்கு வந்தார். தேறியவர்கள் படம் போட்டு வாசலில் பேனர் கட்ட வேண்டும், நடுவில் பெரிதாக உன் படம்தான், ஒரு போட்டோ கொடு என்றார். எத்தனையோ வருஷமாக அந்தப் பேனருக்கு அடுத்தவர் படங்களை அளவு பார்த்து வெட்டி ஒட்டியவன் அவன். சட்டென்று உள்ளே போய்ப் போட்டோவை எடுத்துவந்து மேசைமேல் வைத்தான்.

மனைவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. இதெல்லாம் தன் கைங்கரியம் என்று சிரித்துக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை படம் பிடித்த கதை, காலை மிதித்த கதை எல்லாவற்றையும் சொன்னாள். சாரும் சிரித்தார்.

"அந்தக் கண் மூடுற பழக்கம் எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்மா. மாதிரித் தேர்வு நடக்குறப்போ பின்னாடி நின்னு பாக்குறவன்தானே நான்."

அதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஏதோ பொதுவான விஷயம்போலச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அவள் சிரிப்பு நின்றுபோனதைக் கவனித்தார்.

"சொல்லியிருக்கலாமே சார்" என்றான் அவன்.

சார் டீ டம்ளரைத் தரையில் வைத்தார். உடனே எடுத்தார்.

"ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னுதான் நெனைப்பேன். அடுத்த வருஷம் சொல்லிக்கலாம்னு விட்டுடுவேன். நீ போயிட்டா வேன்ல யாருப்பா உக்காருவா? அன்னிக்கு நீ ஒண்ணும் இல்லாம வந்து நின்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீ பாஸ் பண்ணிடுவேன்னு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய்த் தண்ணீர் இல்லை. அவன் கையை நீட்டி, மேசையிலிருந்த போட்டோவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சார் அதைப் பார்த்துத் தலையை ஆட்டினார். எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, கதவை அவரே சாத்திவிட்டுப் போனார்.

அவளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும், ஸ்வீட் பெட்டியைத் தெருவில் வீசியிருக்க வேண்டும் என்று பொரிந்து தள்ளினாள். போனது போகட்டும், கடைசியில் கிடைத்துவிட்டது அல்லவா என்று அவளே தணிந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்கு முன்னால் எந்த ரிசல்டுக்கும் அழாதவன், முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பயந்துபோய் முதுகைத் தடவினாள். அழுகைக்கு நடுவே சொன்னான்.

"எனக்கு அதிர்ஷ்டம் இல்லன்னுதான் அப்பாகிட்ட எப்பவும் சொல்லிட்டிருந்தேன். ஒருவேளை என்னாலதானோ, என் ராசிதான்டா உனக்கும் ஒட்டிக்கிச்சோன்னு கேட்டார். கடைசிவரைக்கும் அப்படியேதான் நெனச்சுக்கிட்டுப் போயிட்டார்."